ஈத்னாவின் வலப்பக்க நாற்காலி

செப்டம்பர் 4, திங்கள்

கிடைத்துவிட்டது. கசாப்புக் கடை ஜன்னலில், காணாமல்போன பூனையின் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது: எழுத்துக் குழு, செவ்வாய்தோறும் காலை பதினொன்று, நூலக மாடி, யாரும் வரலாம். மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கஞ்சி கிண்டி ஓய்வு பெற்றவளும் அந்த ‘யாரும்’தானே? மாலக்கியிடம் சொன்னேன். “எழுத்தாளரம்மா, முதல்ல உருளைக்கிழங்கை இறக்கு, அடிப்பிடிக்குது” என்றார். எனக்கு வாய்த்த கணவர் அப்படி. போகத்தான் போகிறேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

படியேறிக் கதவைத் திறந்தால் — ஈத்னா. என் அக்கா. ஆறு வருஷமாக என்னோடு பேசாதவள். போன வருஷம்தான் டப்ளினை விட்டு ஊரோடு வந்தாள். கோப்பைகளில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்படியே இறங்கிவிட்டேன். கீழே குழந்தைகள் பகுதியில், ஒரு குட்டி நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடு.

செப்டம்பர் 8, வெள்ளி

வேறு குழு இருக்கிறதாம், நாற்பது மைல் தள்ளி. நான் ஏன் நாற்பது மைல் ஓட வேண்டும்? நூலகத்தை அவள் பெயரில் எழுதியா வைத்திருக்கிறார்கள்?

செப்டம்பர் 12, செவ்வாய்

போனேன். உட்கார்ந்தும் விட்டேன். எட்டுப் பேர். நடத்துகிறவர் ஃபின்டன், ஓய்வு பெற்ற மாட்டு வைத்தியர். அங்கே ஒரு வழக்கம்: எழுதியவர் தன்னுடையதைப் படிக்கக் கூடாது. அவருடைய இடப்பக்கம் இருப்பவர்தான் உரக்கப் படிப்பார். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. “அவங்கவங்களே படிச்சா ஏத்தி இறக்கிப் படிச்சு நம்மள ஏமாத்திடுவாங்க. அடுத்தவங்க வாயில வரட்டும், அப்பத் தெரியும் லட்சணம்” என்றார்.

ஈத்னா எதிர்ப்பக்கம். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த டெக்லனிடம், “புதுசா வந்தவங்களுக்கு டீ வேணுமான்னு கேளு” என்றாள். புதுசா வந்தவங்களாம்! ஒரே கட்டிலில் பதினைந்து வருஷம் படுத்தவர்கள் நாங்கள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சமையலறைக் கஞ்சியைப் பற்றி எழுதினதை டெக்லன் படித்தான். சிரித்தார்கள். ஃபின்டன் மட்டும், “நல்லாருக்கு. ஆனா வேற எதையோ எழுத வந்துட்டு கஞ்சி எழுதியிருக்கீங்க” என்றார். வாயில்லாத மாட்டுக்கு எங்கே வலி என்று கண்டுபிடித்தே பழகிய மனுஷன்.

அக்டோபர் 9, திங்கள்

சரி, எழுதுகிறேன். முதலில் இங்கே.

ஆறு வருஷம் முன்னால், அம்மா போன காலை உள்ளூர் வானொலிக்கு இறப்பு அறிவிப்பைத் தந்தது நான். அந்த அறிவிப்பைக் கேட்காத வீடு இங்கே கிடையாது. கெட்டிலை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். பிள்ளைகள் பெயர் கேட்டார்கள். தம்பி பெயரைச் சொன்னேன், என் பெயரைச் சொன்னேன். ஈத்னா பெயரைச் சொல்லவில்லை. அப்படியே இரண்டு தடவை வாசித்தார்கள். வானொலியில் போனை எடுத்த பெண் அந்தப் பெயரை விட்டுவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாவம், யாரோ ஒரு பெண். யாரும் எதையும் விடவில்லை. ஐந்து மாதம் அம்மாவை நான் ஒருத்தியாகத் தூக்கி, துடைத்து, ஊட்டினேன். ஈத்னா வரவில்லை, பூ அனுப்பினாள். அந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே செய்தேன்.

குழுவுக்காக எழுதும்போது பூவை எடுத்துவிட்டேன். சாக்குச் சொல்வதுபோல இருந்தது.

அக்டோபர் 10, செவ்வாய்

பையில் கொண்டுபோனேன். பையிலேயே கொண்டுவந்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

ஈத்னாவின் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவள்தான் அதைப் படிக்க வேண்டிவரும். இது துணிச்சலா, இல்லை அவளை நாலு பேர் முன்னால் மாட்டிவிடுவதா? “ஒரு லெட்டர் போட்டுடேன்” என்கிறார் மாலக்கி. போடலாம். ஆனால் ஊர் முழுக்கக் கேட்க அவமானப்படுத்திவிட்டு, உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புவதா? மாட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

உட்கார்ந்தேன், அவளுக்கு வலப்பக்கம். தாளின் மேலே பென்சிலால் எழுதியிருந்தேன்: ‘வேண்டாமென்றால் டெக்லனிடம் கொடு.’

அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். “அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல” என்ற இடத்தில் நின்றுவிட்டாள். ஐயோ, எவ்வளவு நேரம்! நானோ வாய் திறக்கக் கூடாது. பிறகு அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கடைசிவரை படித்தாள்.

ஃபின்டன் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈத்னாதான் பேசினாள். “ரேடியோல ரெண்டு தடவை வாசிச்சாங்கன்னு போட்டிருக்க. தப்பு. மூணு தடவை. மூணையும் நான் கேட்டேன்.” தாளை என் முன்னால் வைத்தாள். “நான் வராம பூ அனுப்பினேனே, அதை ஏன் விட்ட? அதையும் எழுது.”

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாலக்கி தானாகவே உருளைக்கிழங்கை இறக்கினார்.

அக்டோபர் 24, செவ்வாய்

அவள் வரவில்லை. நான் போனேன். இரண்டை மூன்றாகத் திருத்தினேன். பூவையும் சேர்த்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

வந்திருந்தாள். வலப்பக்க நாற்காலியில் பை. நான் எதிர்ப்பக்கம் போனபோது பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இங்க உட்காரு, டிம்ப்னா. டெக்லன் படிச்சா தூக்கம் வருது.”

டிசம்பர் 1, வெள்ளி

குழுவின் சிறு புத்தகம் வரும் செவ்வாய் நூலகத்தில் வெளியாகிறது. வானொலிக்கு யார் சொல்வது என்று கேட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன். ஈத்னா டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை போன் செய்தேன். எழுதியவர்கள் பெயரைக் கேட்டாள் ஒரு பெண். ஈத்னா பெயரை முதலில் சொன்னேன். மூன்று பேருக்குப் பிறகு மறுபடி சொன்னேன். எல்லாரையும் சொல்லி முடித்து, கடைசியிலும் சொன்னேன்.

“மேடம், அந்தப் பேரை மூணு தடவை சொல்லிட்டீங்க.”

“தெரியும்மா. அப்படியே வாசிங்க.”