வாசுவின் சீட்டில் நான் விட்ட புள்ளிகள்

என் செல்லத் தம்பி வாசு,

அந்தச் சீட்டில் இருந்த புள்ளிகளில் எது உன் ரத்தம், எது நீ வைத்தது? எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறேன் என்பதே வெட்கமாக இருக்கிறது.

கொள்ளிட மணலில், நாணல் புதருக்குள் உன்னைப் போட்டிருந்தார்கள். மண்டையைக் கல்லால் நசுக்கியிருந்தார்கள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்திருந்தார்கள். அதை உயிர் இருக்கும்போதே செய்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். என்ன கேட்டு ஒடித்தார்கள்? நீ சொன்னாயா?

சட்டைப்பையில் ஒரு சீட்டு. கட்டம் கட்டமாக எண்கள், சிவப்பு மையில். தென்னூர் அச்சகத்தில் புரூஃப் திருத்தித் திருத்தி உனக்கு அந்த மைதான் பழக்கம். சப்-இன்ஸ்பெக்டர் அதை என்னிடம் நீட்டினார்.

"ஈரமா இருக்கும்மா, கிழிஞ்சிடும். நீங்க காலேஜ்ல கணக்கு சொல்லித் தர்றவங்க. சுத்தமா ஒரு நகல் எடுத்துக் குடுங்க."

சுத்தமாகத்தான் எடுத்தேன். எண்களைச் சுற்றிச் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. உன் ரத்தம் தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். அவற்றை எழுதக் கை வரவில்லை. ஒன்றைக்கூட எழுதவில்லை.

அந்த நகலை வைத்துக்கொண்டுதான் உன்னைக் கொன்றது யார் என்று போலீஸும் நானும் இத்தனை வருஷமாக விடை தேடினோம். கூட்டிப் பார்த்தேன், எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மா சும்மா இருப்பாளா? "எம்.ஏ. படிச்சு என்ன? கூடப் பிறந்தவன் எழுதினதைப் படிக்கத் துப்பில்லை" என்பாள்.

போன வாரம், ஸ்ரீரங்கம் வீட்டில், உன் டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னொரு சீட்டு கிடைத்தது. அதே மாதிரிக் கட்டங்கள், வேறு எண்கள். சில எண்களின் கீழே மட்டும் அழுத்தி வைத்த சிவப்புப் புள்ளிகள், எந்த எண்களைப் படிக்க வேண்டும் என்று காட்ட.

அந்தத் தாளில் ரத்தம் இல்லை, வாசு.

அப்படியானால் உன்னைக் கொன்றவன் பெயரை நானே அழித்துவிட்டேனா?

நாளை ஸ்டேஷனுக்குப் போய் அசலைப் பார்ப்பேன். விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நான் செய்ததை அம்மாவிடம் சொல்லிவிடுவேன். ஊரார் படிக்கத்தான் இதை எழுதுகிறேன், பின்வாங்க முடியாதபடி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
அக்கா

மறுநாள் நடந்தது:

ஸ்டேஷன் ரைட்டர் பழைய கேஸ் கட்டைப் பிரித்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே என் நகல். அதன் தலையில் 'அசல்' என்று முத்திரை.

"இது நான் எழுதினது. என் தம்பி எழுதின தாள் எங்கே?"

"இதாம்மா இருக்கு. அந்த ஈரக் காகிதத்தை அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்க. அதான் நீங்க இவ்வளவு அழகா எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. மறுபடியும் அறைந்தாள், மூக்குக்கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது.

"எத்தனை புள்ளிடி இருந்துது?"

"எண்ணலைம்மா."