பின்பாதியை மெதுவாகச் சொல்

பக்கத்து அறையில் யாரோ ஊமத்தை இலை எரிக்கிறார்கள். புதிதாக வந்த வாடகைக்காரர். முகம் இன்னும் பார்க்கவில்லை. பலகைச் சுவரின் இடுக்கால் புகை வருகிறது. கசப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு. வெள்ளவத்தைக் கடற்காற்றால்கூட அதைக் கலைக்க முடியவில்லை. சுவருக்கு அப்பால் மூச்சிழுப்பில் தவிக்கும் ஒரு தொய்வுக்காரர் தலையைத் துணியால் மூடி அந்தப் புகையை உள்ளே இழுக்கிறார். பார்க்காமலே தெரிகிறது.

அக்கா, உன் அறையும் இப்படித்தான் மணத்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் உன் மூச்சைத்தான் கேட்போம். நெஞ்சில் விசில் இருந்தால் அம்மா பேசாமல் சுடுதண்ணீர் வைப்பார். இல்லையென்றால் உன்னை ஏசத் தொடங்குவார். ஏச்சுக் கேட்டால் எனக்கு நிம்மதி.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைப் புனிதர் கோயிலுக்கு நடப்பாய். வழியில் மூச்சு முட்டும். அதை ஒருவருக்கும் காட்டமாட்டாய். கடை கடையாக நின்று விலை கேட்பாய். செருப்பு, சாம்பிராணி, வெங்காயம். சிங்களக் கடையில் சிங்களத்தில் கேட்பாய். ஒன்றும் வாங்கமாட்டாய். கடைக்காரன் விலையைச் சொல்லி, சரக்கைப் புகழ்ந்து முடிப்பதற்குள் உனக்கு மூச்சு திரும்பிவிடும்.

பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்த வருடம், நூலகத்திலிருந்து ஒரு தேகப்பயிற்சிப் புத்தகம் கொண்டுவந்தேன். மூச்சுக்கு ஒரு அத்தியாயம். கைகளைத் தூக்கி இழுக்க வேண்டும், இறக்கி விடவேண்டும். முற்றத்தில் உன்னை நிறுத்தினேன்.

"என்னடா இது, பள்ளிக்கூட டிரில்லா?"

"கதைக்காத. இழு. ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

கையைப் பாதியில் இறக்கினாய். "எண்ணாத தம்பி. எண்ணேக்க பயம் வருது. நாலு வரைக்கும் போவனோ எண்டு யோசிக்கிறதிலயே மூச்சு நிண்டிடும்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதே வருடம் செபமாலைக்கு முழங்காலிடுவதையும் விட்டேன். நம்பிக்கை போய்விட்டது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. "அவன் பெரிய படிப்புப் படிக்கிறான்" என்றார் அப்பா. பாராட்டாகச் சொல்லவில்லை. மாலையில் வீடு முழுவதும் மாதா படத்தின் முன்னால் கூடும். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு செபம். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். முன்பாதி எப்போதும் நீ. நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பேன். இத்தனை குரலுக்குள் என் குரல் குறைந்தது தெரியவில்லை.

பிறகு துறைமுகத்தில் ஜப்பான் குண்டு விழுந்தது. கொழும்பு பாதி காலியானது. அம்மா சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போனார். ரயில் நெரிசலில் மூச்சு அடைக்கும் என்று நீ போகவில்லை. துறைமுகத்து வேலை அப்பாவை விடவில்லை. வீட்டில் பெரும்பாலும் நாம் இரண்டு பேர்.

அவர்கள் போன அன்று மாலை நீ தனியாகத் தொடங்கினாய். முன்பாதியும் நீ, பின்பாதியும் நீ. கொஞ்சத்தில் சொல் அறுந்தது. இருமல். திரும்பத் தொடங்கினாய். திரும்ப அறுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை காலமும் வீடு பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாய்.

வாசலில் வந்து நின்றேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லை, அக்கா."

"தெரியும். பதிலை மட்டும் சொல்லு."

"பொய் சொல்ற மாதிரி இராதா?"

"நீ பொய்யைச் சொல்லு. நான் மூச்சை எடுக்கிறன். மெதுவாச் சொல்லு, என்ன?"

மெதுவாகச் சொன்னேன். உன் முன்பாதி ஒரு வெளிமூச்சு. என் பின்பாதி முழுவதும் உன் உள்மூச்சு. நான் விரைந்தால் உன் தோள்கள் காதுவரை ஏறின. நான் தாமதித்தால் இறங்கின. வார்த்தைகளை விட்டுவிட்டு உன் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணும் வேலையை மணிகள் செய்தன. பாதிச் செபமாலைக்குள் விசில் அடங்கியது. என் நெஞ்சும் இளகியிருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

கோயிலுக்கும் அப்படியே நடந்தோம். உன் பாதிக்கு நடை, என் பாதிக்கு நிற்றல். விலை கேட்கும் தேவை போயிற்று. "சனம் நினைக்கும், நீ சுவாமியாராப் போகப்போறாய் எண்டு" என்று சிரித்தாய். சிரித்ததில் மூச்சு முட்டியது. நின்றோம்.

ஒரு செவ்வாய் பின்னேரம் சைரன் ஊதியது. தெரு முழுவதும் ஓடியது. உன்னால் ஓட முடியாது. நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன், நாலு எட்டு ஓடினாய், அதோடு சரி. சுவரைப் பிடித்தாய். உதடு நீலம். எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பலசரக்குக் கடைக்காரர் பலகைக் கதவைப் பாதி சாத்திவிட்டு நம்மைக் கண்டார்.

"உள்ளுக்கு வாங்க. தம்பி, அவவப் புடிங்க."

மூட்டைகளுக்கு நடுவில் உன்னை உட்கார்த்தினேன். உள்ளே இருட்டு. உன் வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. நீ தொடங்கினால்தான் நான் பதில் சொல்லலாம். நீ தொடங்க முடியாது. அந்நியர் ஒருவரின் கடையில், உரத்த குரலில், நம்பாத நான் பின்பாதியை மட்டும் சொல்லத் தொடங்கினேன். திரும்பத் திரும்ப. உன் தோள்கள் இறங்கவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க தம்பி" என்றார் நானா. "நீங்க வாயால ஓடுறீங்க."

உண்மை. நிறுத்தினேன். என் மூச்சை விட்டேன். ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். சொல்லி முடித்ததும், நீ சொல்லவேண்டிய நேரத்தைச் சும்மா விட்டேன். அந்தச் சும்மாவில் உன் உதடு அசைந்தது. அடுத்ததில் ஒரு சொல் வந்தது. அதற்கடுத்ததில் பாதி வாக்கியம். நானா கதவோரம் அசையாமல் இருந்தார். உன் குரல் முழு முன்பாதியாக வந்தபோது ஆபத்து நீங்கிய சங்கு எப்போதோ ஊதி முடிந்திருந்தது. நாம் கேட்கவில்லை.

எழும்போது பக்கத்து மூட்டையைத் தொட்டு, "நானா, வெங்காயம் என்ன விலை?" என்றாய்.

"சரி, மூச்சு வந்திட்டுது" என்றார் அவர். "இண்டைக்காவது வாங்குவீங்களா?"

வாங்கினாய்.

மார்கழி மழையில் உனக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் விடிகாலையில் போனாய். அப்பா பக்கத்தில் இருந்தார். நீ கஷ்டப்படவில்லை என்றார். அவர் இதமாகப் பேசத் தெரியாதவர். ஆகவே நம்பினேன்.

வீட்டில் உனக்காகச் செபமாலை சொன்னார்கள். சிலாபத்திலிருந்து வந்த அம்மா முன்பாதியைச் சொன்னார். வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் விரைவாகப் பின்பாதியை முடித்தார்கள். நானும் முழங்காலிட்டுச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் என் குரல் மட்டும் தனியாக, பிந்தி முடிந்தது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேகமாகச் சொல்ல முயன்றேன், வரவில்லை. பிறகு அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்கினார்.

நம்பிக்கை திரும்பவில்லை, அக்கா. வேறொன்று நின்றுவிட்டது. யாராவது பேசி நிறுத்தினால் உடனே பதில் சொல்ல எனக்கு வராது. நண்பர்களுக்கு அது விசித்திரம். நான் ஆழமாக யோசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

யோசிப்பதில்லை. அவர்கள் மூச்சு எடுத்து முடியட்டும் என்று இருக்கிறேன்.