கல்லிடம் கேட்ட மன்னிப்பு

இன்று காலை குரோருட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது கைபேசி தானாகவே ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து நீட்டியது. சில வருடங்களுக்கு முன்பு இதே நாளாம். படத்தில் நீ. ஜப்பானில், அந்தக் கல் கோவில் முற்றத்தில், இடுப்புவரை வளைந்து நிற்கிறாய். முகம் தெரியவில்லை, வழுக்கை மட்டும் தெரிகிறது. முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் நல்ல பக்திமான் என்று சொல்லுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த ரயிலையும் விட்டுவிட்டேன்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன், அண்ணா. செத்தவீட்டோடு அந்த மரியாதையும் முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். இருபது வருடத்துக்கு மேலாக என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காததை, முன்பின் அறியாத ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

உன் மகள் அரை வருடம் ஜப்பானில் படிக்கப் போயிருந்தாள். உன் மனைவிக்கு, மச்சாளுக்கு, முழங்கால் வருத்தம் என்பதால் உனக்குத் துணையாக நான் வந்தேன். பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் அடைத்துக்கொண்டு வந்தாய். அவள் எங்களை ஒரு மலைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படி ஏற ஏற நீ முணுமுணுத்தாய். மேலே போனால் சிலை இல்லை, கோபுரம் இல்லை. சின்ன மண்டபத்துக்குப் பின்னால் ஒரு வீட்டளவு கல், பாசி பிடித்துப்போய்க் கிடந்தது. அதன் இடுப்பைச் சுற்றி வைக்கோலால் திரித்த தடித்த கயிறு, கயிற்றில் மடித்துத் தொங்கவிட்ட வெள்ளைத் தாள்கள்.

"கல்லுத்தான் சாமி, அப்பா," என்றாள் உன் மகள். "முதல்ல கல்லு. பிறகுதான் அதைச் சுத்திக் கோவில் கட்டினவை."

உன் களைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "எடி, உது எங்கட வைரவரெல்லே! ஊரில மரத்துக்குக் கீழ கல்லா இருந்தவர், இஞ்ச வந்து நல்லா வளர்ந்திட்டார்," என்றாய். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் மூங்கில் வேலியைத் தாண்டிவிட்டாய். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாய், கை கழுவும் தொட்டியில் நனைத்த விரலால் குழைத்தாய், அந்தக் கல்லில் மூன்று குறி இழுத்தாய். பிறகு இரண்டு அடி பின்னால் வந்து அழகு பார்த்தாய். எந்த நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள சாமியை உன் நிர்வாகத்தில் எடுக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது.

வெள்ளை உடுப்போடு பூசகர் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. கல்லைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். உன் மகளின் முகம் சிவந்துவிட்டது. "அப்பா, ஆரும் தொடுறேல்லையாம். முப்பது வருசமா இஞ்ச இருக்கிற அவரே ஒருநாளும் தொட்டதில்லையாம்."

அப்போதுதான் நீ வளைந்தாய். "தெரியாமச் செய்துபோட்டன், ஐயா. பிழை என்ரதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." தமிழில்தான் சொன்னாய், ஆனாலும் அந்த மனிதருக்கு விளங்கியது. மழை வந்தால் போய்விடும் என்று அவர் சொல்லி உள்ளே போகும்வரை நீ நிமிரவில்லை. படம் எடுத்தது நான். நீ மன்னிப்புக் கேட்டாய் என்று பிறகு நானே நம்பாமல் போய்விடுவேனோ என்ற பயத்தில் எடுத்தேன்.

அம்மா செத்ததை நீ எனக்கு ஒன்பது நாள் சொல்லவில்லை. ஊரிலிருந்து வரும் அழைப்பெல்லாம் அந்தக் காலத்தில் நகரத்தின் மறுபக்கம் ஹவுகெட்டோவில் இருந்த உன் வீட்டுக்குத்தான் வரும். நான் கலியாணம் ஆகாமல் குரோருட்டில் ஓர் அறையில் இருந்தேன், தாதி உதவியாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளில் மூன்று தடவை என் அறைக்கு வந்தாய். நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். "வயிறு சரியில்லை" என்று வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டாய். உன் முன்னால் இருந்து நான் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெள்ளிக்கிழமை நீயே காரில் என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாய். "கால் நோகுது, நீ போட்டு வா," என்று காருக்குள்ளேயே இருந்துவிட்டாய். அம்மாவின் சாவுத் துடக்கோடு, தீட்டென்று தெரியாமலே, நான் உள்ளே போனேன். அம்மாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன், நல்ல சுகம் வேண்டுமென்று. நீ வெளியே இருந்து துடக்குக் காத்தாய், உனக்கு மட்டும். என்னுடையதை என்னிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்தாய். ஊரில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு, பரீட்சை முடிந்த அன்று பின்னேரம், மச்சாளையும் கூட்டிவந்து சொன்னாய். அழத் தொடங்குவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் இதைச் சொல்லிக் காட்டாமல் நீ விட்டதில்லை. "நான் சொல்லாமல் விட்டபடியால்தான் இவள் பாஸ் பண்ணினவள்," என்று என் தோளில் தட்டுவாய். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே எனக்கு அருவருப்பு.

கல் கோவிலிலிருந்து இறங்கும்போது கேட்டேன். "அண்ணை, அவருக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"எதை?"

"அம்மான்ர விசயத்துக்கு."

நீ நிற்கக்கூட இல்லை. "குடும்பத்துக்குள்ள என்ன மன்னிப்பு? கெதியா வா, பஸ் போயிடும்."

போன மாரியில் காரில் கிடந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் மகளுக்கு மறுநாள் காலை கடைசிப் பரீட்சை. "அது முடியட்டும், பிறகு சொல்லுவம். அவர் இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார்," என்றாள். அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் வெளியே போய், நின்ற இடத்திலேயே உன் மகளுக்கு அழைத்தேன். "அப்பா செத்திட்டார்," என்றேன். ஒரு முன்னுரையும் இல்லை. அவள் பரீட்சைக்குப் போகவில்லை. செத்தவீட்டில் என்னோடு கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை.

நான் செய்தது சரிதான் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளிடம் போய்ப் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ வென்றுவிடுவாய். ஒளித்ததுதான் நல்லது என்று ஆகிவிடும். செத்த பிறகும் என் வாயைக் கட்டி வைத்திருந்தாய், பாவி.

போன சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் அவள் இருக்கும் வீட்டுக்குப் போனேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "பிள்ளை, அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்," என்றேன்.

"சொன்னது பிழையில்லை, மாமி. அப்பாக்கு அடிக்கிற மாதிரிச் சொன்னீங்கள். அடி எனக்கெல்லே விழுந்தது." பிறகு கண்ணைத் துடைத்தாள். "உள்ள வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

அவ்வளவுதான், அண்ணா. வாசலில் நின்றபடி, அரை நிமிடம்கூட ஆகவில்லை. இது இவ்வளவு லேசான வேலை என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. உனக்கு அந்த மலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பஸ் போய்விடும் என்றாய். அதை நான் விடமாட்டேன்.