நீ இருந்த தண்ணீர்ப் பத்தியம்

காலையில் போன கரண்ட் மதியம் வரை வரவில்லை. ஃப்ரிட்ஜைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தால், மேலே ஃப்ரீசரில் உன் ஐஸ் தட்டு. நீ கடைசியாக ஊற்றி வைத்த தண்ணீர் இத்தனை நாளும் கட்டியாகவே இருந்திருக்கிறது. இரண்டு குழி மட்டும் காலி. அந்த இரண்டையும் நீதான் எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாய். மீதி இன்று என் கண் முன்னால் உருகியது. என்ன செய்வது என்று தெரியாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் சிறுநீரகங்கள் ஓய்ந்த பிறகு நாம் புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். "தண்ணி அளவுதாம்மா. கூடுனா மூச்சு முட்டும்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். பேரூராட்சி அலுவலகத்தில் நோட்டீஸ் எழுதியே வயதைக் கழித்தவன் நான். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன்: 'குடிநீர்க் கட்டுப்பாடு தவறாமல் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.' நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தாய்.

"என்னங்க, கீழ கையெழுத்தும் காணோம், சீலும் காணோம்? இதுக்கு எப்படிக் கட்டுப்படுறது?"

சிரித்தாய். நானும் சிரித்தேன். நம் வீட்டில் அன்றைக்கு அவ்வளவு சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அன்னவாசலுக்குத் திரும்பும் பஸ்ஸில் பேச்சு மறுபடி அந்த நோட்டீஸ் வார்த்தையில் வந்து நின்றது. கடைப்பிடி, பின்பற்று, கீழ்ப்படி எல்லாம் ஒன்றுதான், வாக்கியத்துக்கு எது பொருந்துகிறதோ அதைப் போடுவோம் என்றேன். உனக்குப் பொறுக்கவில்லை.

"எப்படிங்க ஒண்ணாகும்? ஊருக்குக் கட்டுப்படுறோம்னா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேரு வேணும்னு கட்டுப்படுறோம். பெரியவங்க பேச்சைக் கேக்குறது மரியாதைக்கு. வெரதம்னா நாமளா விரும்பி இருக்குறது. பத்தியம் ஒடம்புக்கு இருக்குறது. புள்ள பெத்தவளுக்குக் கூட என்னைக்காவது ஒரு நாளு பத்தியம் முடிஞ்சிருது."

"அப்ப நீ இருக்குறது?"

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "நான் அடங்கிக் கெடக்கேன். வேற வழியில்லாம கெடக்குறதுக்கு நீங்க என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கங்க."

ஊர் வந்ததும் உன் பையையும் நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

குவைத்தில் இருக்கும் நம் மகன் ஒப்பந்தம் முடிந்து வரும் வரை இருந்துவிட வேண்டும் என்பதுதான் உன் கணக்கு. "அவன் வந்து எறங்குறதைப் பாத்துட்டாப் போதும்" என்பாய். அதற்காக ரசத்தை விட்டாய், இளநீரை விட்டாய், நம் கொல்லை நெல்லிக்காயைக் கூடக் கண்ணால் பார்த்ததோடு சரி. கோயில் திருவிழாவில் மோர்ப் பந்தலில் ஒரு பெண் ஓடிவந்து உன் கையில் டம்ளரைத் திணித்தாள். "அம்மன் மோரு அக்கா, வேண்டாம்னு சொல்லக்கூடாது." நீ சொல்லவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினாய். "குடிங்க. நான் மதிச்சாச்சு." வெயிலில் உதடு வெடித்து நின்ற உன் எதிரில் அந்த மோரைக் குடித்தேன்.

மகன் வந்தான். காரிலிருந்து இறங்கியவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு நீ விடவில்லை. மறுநாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தாய். என்னால் பார்க்க முடியவில்லை. விதி, அளவு, நோட்டீஸ் எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டு வந்து நீட்டினேன்.

"குடி. அவனைப் பாத்தாச்சுல்ல. ஒரு நாள்தானே."

செம்பை இரண்டு கையாலும் வாங்கினாய். அதன் குளிர்ச்சியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். பிறகு திருப்பித் தந்தாய்.

"வேண்டாங்க. அவன் வர்ற வரைக்கும் அடங்கித்தான் கெடந்தேன். இப்ப அப்படி இல்ல. இன்னங் கொஞ்ச நாளு ஒங்க ரெண்டு பேரோடயும் இருக்கணும்னு ஆசையா இருக்கு. ஆசையில இருக்குறது ஒண்ணும் கஷ்டமா தெரியல."

ஒரு மிடறு கூடக் குடிக்கவில்லை நீ.

அவன் லீவு முடிவதற்குள் போய்விட்டாய். டயாலிசிஸ் படுக்கையிலேயே இதயம் நின்றுவிட்டது. "அம்மா எல்லாத்தையும் சரியாத்தான் கடைப்பிடிச்சாங்க" என்றார் டாக்டர். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் கதவில் எழுதி ஒட்டிய அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நீ செய்தது அது இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் நீர்மாலை எடுத்து வந்து உன்னைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாகத் தண்ணீர். உன் முகத்தில் வழிந்து, மூடிய உதட்டில் வழிந்து, தரையெல்லாம் ஓடியது. போதும், போதும், அளவாக ஊற்றுங்கள் என்று கத்தினேன். மனுஷன் துக்கத்தில் உளறுகிறார் என்று என்னை அப்பால் இழுத்துப் போனார்கள்.

இப்போது எனக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. மகன் குவைத்திலிருந்து சாயங்காலம் தவறாமல் கூப்பிடுகிறான். "மாத்திரை போட்டாச்சாப்பா? நடந்தீங்களா?" போட்டாச்சு, நடந்தாச்சு என்கிறேன். பொய் இல்லை. சொன்ன வேளைக்குப் போடுகிறேன், சொன்ன தூரம் நடக்கிறேன், இனிப்பைத் தொடுவதில்லை. உன்னைப் போலவே இருக்கிறேன் என்று அவன் பெருமையாகச் சொல்கிறான்.

அவனிடம் நான் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நான் கீழ்ப்படிகிறேன், அவ்வளவுதான். ஆசை இன்னும் வரவில்லை.