ஏழாவது கேள்வி

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

பள்ளிக்கு ஆராய்ச்சிக்காக ஒரு டாக்டரம்மா வந்தார். கேள்வித்தாளில் ஏழாவது: "வீட்டில் யாருக்காவது பயப்படுகிறாயா?" வழக்கம்போல "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அவர் சொன்னார்: "பயந்துகிட்டே வளர்ற பிள்ளைங்களுக்கு வயித்து வலி வரும், பாடம் மண்டையில ஏறாது. அது மக்குத்தனம் இல்ல கண்ணு."

உன் நினைவுதான் வந்தது. நீ பத்தாவதில் தோற்றபோது, "மண்டையில களிமண்ணு" என்று அப்பா பெல்ட்டை உருவினார். அன்றிரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "களிமண்ணுன்னா பானையாவது செய்யலாம்டி" என்று என்னைச் சிரிக்க வைத்தாய்.

நீ மக்கு இல்லை அக்கா.

தாளைத் திரும்ப வாங்கி, "ஆமாம், அப்பாவுக்கு" என்று திருத்திவிட்டேன். சனிக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கு வருகிறாராம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அன்று நீ இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இப்படி ஓங்கித் தட்டமாட்டாள்