இடக்கை உறை

உன் மகள் அனுப்பிய பொட்டலம் நேற்றுக் காலையில் வந்தது. உள்ளே உன்னுடைய ஒரு சோடிக் கையுறை. வெளியே மஞ்சள் தோல், உள்ளே ஆட்டு மயிர். எடுத்து முகர்ந்து பார்த்தேன். மாட்டு வாசனை. அந்தக் கனடா மாடும் நம் மாவ்பி ஊர் மாட்டைப் போலத்தான் வாசம் அடிக்கிறது. அது ஒன்றுதான் எனக்கு விளங்கியது. மற்றபடி நீ போன விதத்தில் எனக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. அதனால்தான் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சயாமாவை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"போனவங்களுக்கு எந்த விலாசம் போடுறது பெரியவரே?" என்றார்.

"விலாசம் கிடக்கட்டும் சயாமா, நீங்க எழுதுங்க."

நாம் சேர்ந்து மாடு மேய்த்த மாவ்பியில், நமக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும்போது, மார்கழி தை மாதத்தில் விடிகிற நேரம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நிற்கிற மாடு தெரியாது, அதன் மூச்சுதான் கேட்கும். நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாட்டுக் கயிற்றை இடக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு முன்னால் போவாய். ஒருநாள் அந்தச் செவலைப் பசு மிரண்டு ஓடி, உன்னை வயல் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. முட்டியெல்லாம் ரத்தம். "கயித்த விட்டிருக்கலாம்ல, மூதேவி" என்று திட்டினேன். "விட்டா மாடு போயிருமே" என்றாய். நடக்கிறதைப் பற்றி மட்டும் உனக்குப் பெருமை தாங்காது. "இந்த ஹ்னின்ல நான் கண்ண மூடிக்கிட்டே ரயிலடிக்குப் போயிருவேன்" என்பாய். போயும் காட்டினாய்.

பர்மாப் பேச்சில் ஹ்னின், நம் பேச்சில் பனி. வினை அந்தச் சொல்லில்தான் வந்தது.

எழுபது வயதுக்கு மேல் உன்னை மகள் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மருமகனுக்கு அங்கே வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. நீ போனில் குரல் பதிந்து அனுப்புவாய், சாயங்காலம் என் மருமகள் எனக்குப் போட்டுக் காட்டுவாள். பர்மாக்காரன் மாதிரி, முத்து அண்ணனைக் 'கோ முத்து' ஆக்கித்தான் ஆரம்பிப்பாய். "கோ முத்து, இங்க பாத்த இடமெல்லாம் தரைதான். ஒரு மேடு கிடையாது, ஒரு பயா கோபுரம் கிடையாது. பக்கத்து வீடு பதினோரு மைல். மாடு அம்பது, நாய் ஒன்னு, நான் ஒன்னு. நாய்க்கும் தமிழ் தெரியாது." நான் சிரித்துச் சிரித்துத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பேன்.

பிறகு ஒருநாள் சொன்னாய்: "பனி ரொம்பக் கொட்டுதுடா. வீட்டுலருந்து கொட்டகை வரைக்கும் கயிறு கட்டியிருக்காங்க. அதப் பிடிச்சிக்கிட்டுத்தான் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகணும். விட்டா வீடு எந்தப் பக்கம்னு தெரியாது."

எனக்குத் தெரிந்த பனி மாவ்பிப் பனிதான். துண்டைக் கட்டினால் போச்சு, வெயில் வந்தால் போச்சு. கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தாய். புரை விழுந்த என் கண்ணுக்கு அது வெறும் வெள்ளைத் தாளாகத்தான் தெரிந்தது. மருமகளிடம் போனை வாங்கி நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஏண்டா, மாவ்பியில கண்ண மூடிக்கிட்டு நடந்தவன் அங்க கயிறு பிடிச்சி நடக்குறியா? கிழவியாட்டம் ஆயிட்டியே. துண்ட எடுத்துக் கட்டு, கைய வீசி நட."

அதற்குப் பிறகு நீ கயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. மாட்டைப் பற்றிப் பேசினாய், நாயைப் பற்றிப் பேசினாய். கயிறு என்ற சொல் வரவில்லை.

பிறகு உன் மகள் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா கொட்டகைக்குப் போற வழியில பனியில விழுந்துட்டாங்க. நாங்க போய்ப் பாக்குறதுக்குள்ள..." நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பனியில விழுந்தா எந்திரிக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

என் மருமகள்தான் சொன்னாள்: "அப்பா, அது நம்ம ஹ்னின் இல்ல. ஐஸ். அங்க வானத்துலருந்து ஐஸ் விழுது, இடுப்பு உசரத்துக்கு."

ஐஸ் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருசம் இந்த யாங்கோன் பசுந்தாங் மீன் சந்தையில் ஐஸ் கட்டி சுமந்தவன் நான். சாக்கை மடித்துத் தோளில் போட்டாலும் அரை மணியில் தோள் மரத்துப் போகும், விரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் நீ பனி என்றாய். நானும் சிரித்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டுத்தான் கயிற்றை விட்டுவிட்டு நடந்தாயா? பத்து மாதமாக இதை உன் மகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுக் கையுறையைத் திருப்பிப் பார்த்தேன். இடக்கை உறையில் உள்ளங்கைத் தோல் குறுக்காகத் தேய்ந்து போயிருந்தது, பெருவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும். ஒரு இடத்தில் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்திருக்கிறது. கோணல் தையல், உன் கைத் தையல். கயிறு ஓடின தடம் எனக்குத் தெரியும். ஒருநாள் இரண்டுநாள் பிடித்து இப்படித் தேயாது. அப்பாடா என்று இருந்தது. வலக்கை உறையைப் பார்த்தேன். கடையில் வாங்கின மாதிரியே புதுசு. மறுபடியும் குழப்பம். உடனே மகளுக்குப் போன் போடச் சொன்னேன்.

"அப்பா அத மாட்டுனதே இல்ல பெரியப்பா. உங்ககிட்டப் பேசணும்னா போன வெரலால அமுக்கணும்ல? கொட்டகைக்குப் போற வழியிலதான் பேசுவாங்க. வீட்டுக்குள்ள பேசுனா நாங்க கேட்டுருவோம்னு வெக்கம். குளிர்ல வெரல் போயிரும்ப்பான்னு எத்தனையோ தடவ திட்டியிருக்கேன்."

"விழுந்த அன்னைக்குக் கயிறு?"

"இடது கையில சுத்தியிருந்துச்சு. ரெண்டு சுத்து. நெஞ்சு அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

"வலது கையில?"

"போன் இருந்துச்சு, பெரியப்பா."

அன்றைக்கு எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. நீ கயிற்றை விடவில்லை, சரி. நான் திட்டியதால் கயிறு பிடிப்பதை என்னிடம் மறைத்தாயா? மறைத்துக்கொண்டே, என்னிடம் பேசுவதற்காக அந்தக் குளிரில் ஒரு கையை வெறுங்கையாக வைத்துக்கொண்டு நடந்தாயா? அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்? நெஞ்சு அடைத்ததற்கும் கைக்கும் சம்பந்தம் இல்லை என்கிறார் சயாமா. அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்கிறது.

இன்று காலையில் இங்கேயும் பனி. ஓடைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடக்கையில் உன் உறையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "அப்பாவுக்கு யாங்கோன்லயே குளிருதாம்" என்று மருமகள் சிரித்தாள். அவளிடம் போனை வாங்கினேன், உன் நம்பரை எடுத்துத் தரச் சொன்னேன். எங்கே அமுக்க வேண்டும் என்று அவள் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெறுங்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

"கயித்த விடாதடா. ரெண்டு கையாலயும் பிடி. வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்."

விரலை எடுத்தேன். போனதா இல்லையா என்று தெரியவில்லை. மருமகளிடம் கேட்கவும் இல்லை.