கையைக் காட்டு

மச்சான்,

இன்று காலை உன் மகள் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து என் காம்பரா வாசலில் போட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ரப்பர் மரங்களைக் காணிக்கார மாத்தையா போன மாதமே சாய்த்துவிட்டார். புதுக்கன்று நடப்போகிறாராம். நல்ல மரத்தையெல்லாம் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போனபின் அவன் கழித்துப் போட்டதை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டை எடுத்துத் தடவினேன். பட்டை முழுக்க முண்டும் முடிச்சும். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது. அது நான் வெட்டிய வெட்டு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கிக்கொள்கிறாள். இதில் அவளுக்குத் தெரியாத ஒன்று வரும். வரட்டும்.

முதல்முதலாக என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனவன் நீதான். அதுவரை ஊரில் எனக்கு ஒரே பேர்தான், பைத்தியம். ஒரு மாதம் தூங்காமல் பாடிக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் திரிவேன். பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பேன். டாக்டர் சிங்களத்தில் என்னென்னவோ சொன்னார். பைபோலர் என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீதான் எனக்குப் புரிய வைத்தாய்.

“ஒனக்கு அடிச்சா வெயிலு, பெஞ்சா மழ. நடுவுல ஒன்னும் இல்ல. அந்த நடுவுக்குத்தான்டா இந்த மாத்திரை.”

மாத்திரை தலையை நிறுத்தியது. கையை ஆட வைத்தது. ரப்பர் பால்வெட்டுகிறவனுக்குக் கை ஆடினால் என்ன மிச்சம்? பட்டையைக் காகிதம் போலச் சீவி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் உள்ளே போனால் கட்டையில் பட்டுவிடும். பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு விழும், அங்கே பிறகு பால் வராது. நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்தாய்.

“எனக்குத் தோளு போச்சு, ஒனக்குக் கை போச்சு. நா வெட்டுறேன், நீ பால் எடுத்து வாளியத் தூக்கு. ரெண்டு கெழவனும் சேந்தா ஒரு ஆளு.”

அப்படித்தான் வயதாகித் தோட்டத்து வேலை முடிந்த பிறகும் மாத்தையாவின் காணியில் நம் பிழைப்பு ஓடியது. ஒரு நாள் ஓடைக்கு இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். ஒரு பக்கம் வெட்டும்போது மறுபக்கத்து மரம் ஓய்வெடுக்கும். விடிய நீ வெட்டிக்கொண்டு போவாய். வெயில் ஏறியதும் நான் சிரட்டை சிரட்டையாகப் பாலைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் வருவேன். கை ஆடிச் சிந்தினால், “மரம் குடுத்தத மண்ணுக்கே திருப்பிக் குடுக்கிறான் பாரு, தர்மவான்” என்பாய்.

வேலைக்குப் புறப்படுமுன் என் வாசலில் வந்து நிற்பாய். குட்மார்னிங் கிடையாது, சுகமா என்ற கேள்வி கிடையாது.

“கையைக் காட்டு.”

இரண்டு கையையும் நீட்டுவேன். விரல் ஆடும்.

“ஆடுது. சரி, வா.”

மற்றவர்கள் என் கை ஆடுவதைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். கடையில் இருப்பவர்கள், “தாளம் போடுறாரு, பாட்டு எங்க?” என்று கேலி செய்வார்கள். ஆடினால்தான் நல்லது என்று தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

என் நாளை நீதான் கட்டினாய். விடிந்தால் எழும்பணும். பசிக்காவிட்டாலும் சாப்பிடணும். தண்ணீர் நிறையக் குடிக்கணும். வேலை முடிந்ததும் பீலித் தண்ணீரில் குளிக்கணும். பொழுது சாய்ந்தால் சோறு, மாத்திரை, படுக்கை. கோயில் திருவிழாவிலும் என்னை இருக்க விடமாட்டாய். “சாமி நாளைக்கும் இங்கதான் இருக்கும். நீ போய்ப் படு.” எனக்குக் கோபம் வரும். ஒரு தடவை உன்னைப் பெண்டாட்டி என்றுகூடத் திட்டினேன். “அந்தப் புண்ணியவதி ஒன்ன விட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. எனக்குப் போக எடம் இல்லியே” என்றாய்.

நான் கீழே விழுந்து கிடக்கும் மாதங்களில் நீ அதட்டியதில்லை. “ஒன்னும் செய்யாத. வாளிய மட்டும் தூக்கிட்டு என் பின்னால வா” என்பாய். சில நாள் வெறும் வாளியோடு உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அந்த முதுகு இல்லாவிட்டால் நான் எழுந்தே இருக்கமாட்டேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்கு வந்தாய். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். அதே வாரம் மாத்தையா வந்து, பால் வெட்டாமல் மரம் சும்மா நிற்கிறது, கிராமத்தில் இரண்டு பேர் வெட்டுகிறோம் என்று கேட்கிறார்கள் என்றார். நான், “மம கபனவா மாத்தையா” என்று சொல்லிவிட்டேன். நானே வெட்டுவேன் என்று. அன்று மாலை மாத்திரையைக் கையில் எடுத்தேன். திரும்ப உறைக்குள் போட்டுவிட்டேன்.

நீ வெட்டிய காணி கைவிட்டுப் போகாமல் காப்பாற்றத்தான் மச்சான். நீ திரும்பி வரும்போது நம் மரம் நம்மிடமே இருக்க வேண்டும் என்றுதான்.

நாலைந்து நாளில் கை நின்றுவிட்டது. கத்தி சொன்ன இடத்தில் போனது. பட்டை சுருள் சுருளாக விழுந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கட்டிலில் சுருண்டு கிடந்தாய். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாய்.

“கையைக் காட்டு.”

நீட்டினேன். கல்லுப் போல நின்றது. என் விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய்.

“எப்ப விட்ட?”

“விடல மச்சான். தெனமும் போடுறேன். இன்னைக்கி என்னமோ ஆடல.”

“பொய் சொல்லாதடா.” உனக்கு மூச்சு வாங்கியது. “மரம் எங்கயும் ஓடாது. நா வர்ற வரைக்கும் விட்ரு. போய் மாத்திரையப் போடு.”

சரி என்றேன். போடவில்லை.

இந்த இடத்தில் உன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறாள். எழுதம்மா என்றேன். எழுதுகிறாள்.

அதன்பின் தூக்கம் போனது. எனக்கு வயது இருபது என்று நினைப்பு. இந்தப் பக்கம் வெட்டி முடித்ததும் ஓடையைத் தாண்டி ஓய்விலிருந்த மரத்தையும் வெட்டினேன். மழையில் வெட்டக்கூடாது, வெட்டினேன். வெட்டிய மரத்தையே திரும்ப வெட்டினேன். கட்டை தெரிய வெட்டினேன். நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தபோது என் கையில் கத்தி இருந்தது. நான் அழவில்லை. உன் சாவு வீட்டில் வந்தவர்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டுக் கதை சொன்னேன். உனக்குக் கல்லறை கட்டப்போகிறேன், கொழும்பிலிருந்து பேண்ட் வாத்தியம் வருகிறது என்றேன். சிரித்தேன். உன் மகள் என் காலைப் பிடித்து, “மாமா, போதும் மாமா” என்று கும்பிட்டாள். சாவுக்கு வந்த மாத்தையா, வழியில் மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, “மொகத மே கலே?” என்று கேட்டார். என்ன காரியம் இது என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உன்னைக் குழிக்குக் கொண்டுபோன நேரத்தில் நாலு பேர் என்னை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உன்மேல் ஒரு பிடி மண் போட நான் இல்லை.

காணி வேலையும் போனது. மாத்திரையை யாருக்காக விட்டேனோ அவன் போனான். எதற்காக விட்டேனோ அதுவும் போனது. நீ என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாய்? சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாட்களில் எனக்கு இந்த ஒரு கேள்விதான். கல்லுப் போல நின்ற அந்தக் கைதான் நீ கடைசியாகப் பார்த்த என் கை.

இப்போது ஒழுங்காக இருக்கிறேன். விடிந்தால் எழும்புகிறேன், சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், மாத்திரை போடுகிறேன். ஒருநாளும் தவறவில்லை. ஒழுங்கு உங்களைக் காப்பாற்றும் என்கிறார் கிளினிக் டாக்டர். காப்பாற்றத்தான் செய்கிறது. எதற்காக என்று அவர் சொல்வதில்லை. நாள் இருக்கிறது, நாளுக்குள் ஒன்றும் இல்லை. பால் எடுக்கப் போகாத வாளியைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.

காலையில் வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டுகிறேன். ஆடுகிறது. சரி, வா என்று சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் உன் மகள் பார்த்துவிட்டாள். “யாருகிட்ட மாமா கை நீட்டுறீங்க?” என்றாள். மழை தூறுதா என்று பார்த்தேன் என்றேன். இன்னொரு நாள், நடுக்கத்துக்கு டாக்டரிடம் மருந்து கேட்போமா என்றாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். ஏன் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

அந்த முண்டு விழுந்த துண்டை வைத்திருக்கலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். வைத்து என்ன செய்வது? அடுப்பில் வைத்துவிட்டேன். நன்றாகத்தான் எரிந்தது. அதில் கொதித்த தண்ணீரில்தான் உன் மகள் தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கு எப்போதும் பாதிக் கோப்பைதான் ஊற்றுவாள். அதிலும் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கொஞ்சம் வேட்டியில் சிந்திவிட்டது. கறை இன்னும் காயவில்லை. நீ இருந்தால் அதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும் மச்சான், நேற்று மாத்திரை போட்டுவிட்டேன் என்று.